அளந்து போட்ட சுமை: ஜான் ஆற்றில் பத்து நாள்

அலாஸ்காவின் வடக்கே புரூக்ஸ் மலைத்தொடரில் நடந்தும் மிதந்தும் போய்வந்த பயணத்தின் குறிப்புகள் இவை. மிதந்தது பேக்ராஃப்டில், அதாவது முதுகுப்பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நடந்து, தண்ணீர் போதுமான ஆழத்தில் ஓடும் இடம் வந்ததும் காற்றடித்து ஏறிக்கொள்கிற ஒற்றை ஆள் படகில். என்னோடு வந்தவர் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர், இத்தகைய பயணங்களை முன்பே ஐந்தாறு முறை செய்தவர். அவரை அண்ணா என்றுதான் அழைப்பேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். அன்றன்று கூடாரத்துக்குள் படுத்தபடி கிறுக்கி வைத்ததைத் திரும்பி வந்தபின் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். மலையையும் ஆற்றையும் விடச் சாமான்களைப் பற்றியே அதிகம் எழுதியிருப்பதாகத் தோன்றலாம். பத்து நாளும் நாங்கள் பேசியதும் சண்டையிட்டதும் பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான்.

ஜூலை 5, ஃபேர்பேங்க்ஸ்

விடுதி அறையின் தரையில் கால் வைக்க இடமில்லாதபடி சாமான்களைப் பரப்பி, சமையலறைத் தராசு ஒன்றில் ஒவ்வொன்றாக நிறுத்து, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியை அறுத்துப் பாதியாக்கியதையும் பெருமையோடு எழுதி வைத்திருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அண்ணா கட்டிலில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், தம்பி. நீ அளந்தாய், சரி. ஆற்றில் போட்டுப் பார்த்தாயா?"

முதல் தகராறு படகைப் பற்றியது. நான் வாடகைக்கு எடுக்க நினைத்திருந்தது 1.4 கிலோ எடையுள்ள, மேல்மூடி இல்லாத, மெல்லிய அடித்தளம் கொண்ட படகு. ஏரியைக் கடக்கவும் அமைதியான ஆற்றில் அரை நாள் மிதக்கவும் அது போதும். அண்ணா காட்டியது 3.4 கிலோ எடையுள்ளது: இடுப்போடு இறுக்கிக்கொள்ளும் மேல்மூடி, தடித்த அடித்தளம், தொடையை அணைத்துப் பிடிக்கும் பட்டைகள், பின்புறத்தில் காற்றுக்குழாய்க்குள் சாமான் வைக்க ஒரு நீர்புகா ஜிப். 2 கிலோ வித்தியாசம் என்பது ஏறத்தாழ மூன்று நாள் உணவு என்று நான் வாதாடினேன். "அந்தச் சிறிய படகில் ஒவ்வொரு அலைக்கும் மடியில் தண்ணீர் நிற்கும். அரை மணிக்கு ஒருமுறை கரையேறிக் கவிழ்த்துக் கொட்டுவாய். ஐந்து நாள் அப்படிச் செய்வாயா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நாளொன்றுக்கு 45 டாலர் வாடகையில் பெரியதையே எடுத்தோம்.

டிரைசூட் அடுத்தது. கழுத்திலும் மணிக்கட்டிலும் லேடெக்ஸ் பட்டை இறுக்கிப் பிடிக்க, உள்ளே ஒரு சொட்டும் இறங்காதபடி தைக்கப்பட்ட முழு உடல் உடை அது. புதிதாக வாங்கினால் பெரும்பாலும் 1,000 டாலரை ஒட்டியோ தாண்டியோ ஆகும். வாடகைக்கு நாளுக்கு 30 டாலர், எடை 1.3 கிலோ. மழைக்கோட்டும் கம்பளி உள்ளாடையும் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். பனி உருகி வரும் தண்ணீரில் மழைக்கோட்டு என்பது கிழிந்த குடைக்குச் சமம் என்றார் அண்ணா. சிலர் எடையைக் குறைப்பதற்காக, உறங்கும் காற்று மெத்தையையே மடித்து மேலாடைக்குள் செருகி உயிர்காப்பு அங்கியாகப் பயன்படுத்துவதுண்டு. அந்த யோசனையை நான் சொல்லி முடிப்பதற்குள் நுரைப்பலகை வைத்த உண்மையான அங்கி ஒன்று என் மடியில் வந்து விழுந்தது.

மாலையில் தேசியப் பூங்கா அலுவலகத்துக்குப் போய்க் கரடியால் திறக்க முடியாத உணவு டப்பாக்களை இரவல் வாங்கினோம். கட்டணம் இல்லை, பயணம் முடிகிற இடத்திலுள்ள அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தால் போதும். அங்கிருந்த பெண் அதிகாரி எங்கள் பாதையை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து வந்து, ஒவ்வொரு கிளையோடை சேரும் இடத்திலும் நிறுத்தி, "இங்கே தண்ணீர் ஏறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். பாடம் நடத்துகிற தொனி அதில் கொஞ்சமும் இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அண்ணா இந்தப் படகுகளின் கதையைச் சொன்னார். 1840-களிலேயே பீட்டர் ஹால்கெட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, மேலங்கியாகப் போர்த்திக்கொண்டு தேவைப்படும்போது ஊதிப் படகாக்கக்கூடிய ஒன்றைச் செய்திருந்தாராம். அலாஸ்காவில் 1982-இல் ஹோப் என்ற ஊரிலிருந்து ஹோமர் வரை காட்டு வழியில் ஓடும் பந்தயத்தில், மற்றவர்கள் ஆற்றைக் கண்டு திகைத்து நிற்கையில், 55 வயது டிக் கிரிஃபித் தம் பையிலிருந்து சிறு ரப்பர் படகு ஒன்றை எடுத்து ஊதி அக்கரை சேர்ந்தார். இப்போது நாங்கள் வைத்திருக்கும் வகைக்கு வித்திட்டவர் ஷெரி டிங்கி. நாங்கள் போகவிருந்த இதே மலைத்தொடரை மட்டமான படகோடு கடந்து நொந்துபோய்த் திரும்பிய தம் மகனுக்காக அவர் தைக்கத் தொடங்கியதுதான் பின்னர் தொழிலானது.

ஜூலை 6, அனக்டுவுக் கணவாய்

சிறு விமானத்தில் ஏறுவதற்கு முன் பையின் எடையோடு என் எடையையும் கேட்டார்கள். பை 24.6 கிலோ. அனுமதித்த அளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் தனியாகக் காசு கட்டியபோது, அறுத்தெறிந்த பிரஷ் கைப்பிடியின் மதிப்பு எவ்வளவு என்று அண்ணா கணக்குப் போட்டுச் சொன்னார். கரடியை விரட்ட அடிக்கும் காரமான கரடி ஸ்பிரேயைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது விமானத்துக்குள் பீறிட்டால் விமானிக்குக் கண் தெரியாது.

அனக்டுவுக் கணவாய் மரமே இல்லாத பசும் பள்ளத்தாக்கில், சில நூறு பேர் மட்டும் வாழும், நுனமியுட் என்ற பழங்குடி மக்களின் ஊர். சாலை எதுவும் இந்த ஊருக்கு வருவதில்லை. வெளியிலிருந்து வரும் எல்லாமே விமானத்தில் வருவதால் ஊர்க் கடையில் ஒரு பாக்கெட் ரொட்டி 9 டாலர். அதையும் ஒரு டப்பா 'பைலட் பிரெட்' பிஸ்கட்டையும் வாங்கினோம். பிஸ்கட் கல் மாதிரி இருக்கும். ஆனால் படகுப் பையில் எதன் அடியில் கிடந்தாலும் நொறுங்காது. அலாஸ்காவில் அதை ஏன் இத்தனை விரும்புகிறார்கள் என்பது ஐந்தாம் நாள் எனக்குப் புரிந்தது.

சைமன் பனியாக் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தபோது, எட்டுச் சக்கர வண்டியில் போய்க்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிறுத்தி, எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். பயணம் முடியும் பெட்டில்ஸ் ஊர் வரை ஆற்றில் போகிறோம் என்றதும் என் பையைச் சுற்றிப் பார்த்து, "படகு எங்கே?" என்றார். பைக்குள் இருக்கிறது என்றதும் அவர் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. அவருடைய தாத்தா காலத்தில் ஏரிகளில் நீந்திக் கடக்கும் கரிபூ மான்களைத் தோல் போர்த்திய கயாக்கில் துரத்தி ஈட்டியால் குத்துவார்களாம். "அந்தப் படகுக்கும் எலும்புக்கூடு உண்டு. உங்களுடையதற்கு எலும்பே இல்லையே!" என்றவர், நாங்கள் விடைபெறும்போது காய்ந்த கரிபூ இறைச்சித் துண்டுகள் சிலவற்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காசு கொடுக்க முயன்றபோது அவர் முகம் சுருங்கியதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டேன்.

ஜூலை 7 – 8, நடை

'ஆர்க்டிக்கின் வாயில்கள்' என்று பெயர் கொண்ட இந்தத் தேசியப் பூங்காவும் காப்பகமும் சேர்ந்து சுமார் 34,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையவை, 1980-இல் ஏற்பட்டவை. உள்ளே சாலை கிடையாது, ஒற்றையடிப் பாதையாகப் பராமரிக்கப்படுவதும் கிடையாது. நடந்தால் அதுதான் பாதை. ஜான் ஆறு இங்கே முழங்கால் ஆழத்துக்குக் கற்களுக்கிடையே சிதறி ஓடுவதால், இரண்டு நாள் கரையோரமாகவே தெற்கு நோக்கி நடந்தோம்.

நடை என்று சொல்வது உபசாரம். டஸ்ஸக் எனப்படும் புற்குமிழ்கள், பானையைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஆயிரக்கணக்கில், சேற்றுக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கின்றன. மேலே மிதித்தால் சாய்ந்து தள்ளிவிடும். நடுவே மிதித்தால் கணுக்கால் வரை தண்ணீர். மணிக்கு ஒரு கிலோமீட்டர் கூடக் கடக்க முடியாத இடங்கள் இருந்தன. 24 கிலோ பை ஒவ்வொரு சாய்விலும் என்னைக் கூடவே இழுத்தது. அந்த இரண்டு நாளும் 1.4 கிலோ படகை நினைத்து உள்ளுக்குள் அண்ணாவைத் திட்டிக்கொண்டே நடந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

நான் செய்த பெரிய தவறு காலில் இருந்தது. தண்ணீர் புகாத உள்சவ்வு வைத்த விலையுயர்ந்த மலையேற்றக் காலணிகளை அணிந்திருந்தேன். தண்ணீர் புகாது என்பது உண்மை, மேலே வாய் வழியாகப் புகும் வரை. புகுந்தபின் அதே சவ்வு தண்ணீரை வெளியே விடாமல் பத்திரமாகப் பாதுகாத்தது. அண்ணா அணிந்திருந்தது வலைத்துணியாலான ஓட்டக் காலணியும் உள்ளே தடித்த நியோப்ரீன் காலுறையும். ஓடையைக் கடந்து பத்து அடி நடப்பதற்குள் அவருடையதில் தண்ணீர் வடிந்துவிடும். நடக்கவும் படகில் உட்காரவும் ஒரே காலணிதான் என்பதால், நனையாத காலணியைத் தேடுவது வீண். நனைந்தபின் விரைவில் வடிவதைத்தான் தேடியிருக்க வேண்டும். கூடாரத்துக்குள் அணிய ஒரு ஜோடி உலர்ந்த கம்பளிக் காலுறையைத் தூக்கப்பைக்குள்ளேயே சுருட்டி வைத்திருந்ததுதான் என் ஒரே புத்திசாலித்தனம்.

கிளையோடை ஒன்றின் வாயில், ஜூலை மாதத்திலும் உருகாமல், ஆள் உயரத்துக்கு நீலநிறப் பனித்தகடு ஆற்றின் இருபுறமும் சுவர்போல் நின்றது. குளிர்காலத்தில் அடியிலிருந்து பொங்கிவரும் நீர் படலம் படலமாக உறைந்து இப்படி ஆகுமாம். ஓட்டம் அதன் அடியில் நுழைந்துபோகிறது. படகில் வந்து அதை எதிர்கொண்டால் ஏற ஒரு பிடியும் இருக்காது. படகை ஊதுவதற்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தபின் அன்று முழுவதும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கொசுவைப் பற்றி எழுதினால் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். தலையில் போடும் வலை 30 கிராம். என் பட்டியலில் இருந்தவற்றுள் ஒரு கிராமுக்கு அதிகப் பயன் தந்தது அதுதான்.

ஜூலை 9, படகு இறங்கிய நாள்

காலையில் மழை விட்டிருந்தது. இரண்டு ஓடைகள் சேர்ந்தபின் ஆற்றில் தொடையளவு தண்ணீர். கூழாங்கல் திட்டில் படகை விரித்து, ஊதுபையால் காற்றடித்தோம். ஊதுபை என்பது வாய் அகன்ற மெல்லிய நைலான் பை; அதில் காற்றைப் பிடித்து மூடி அமுக்கினால் படகுக்குள் போய்விடும். பத்து நிமிட வேலை. கடைசி இறுக்கத்துக்கு மட்டும் வாயால் ஊத வேண்டும். ஊதி முடித்துத் தண்ணீரில் வைத்ததும் படகு தொளதொளத்துப் போனதைப் பார்த்து ஓட்டை என்று அலறினேன். ஓட்டை இல்லை. குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. மறுபடி ஊதி இறுக்க வேண்டும். வெயிலில் கரையில் கிடக்கும்போது நேர்மாறாக, தையல் பிரியாமலிருக்கக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும்.

சாமான் அடுக்குவதில்தான் காலைப்பொழுது போனது. காற்றுக்குழாய்க்குள் இரண்டு நீள்பைகள், இடம் ஒன்று, வலம் ஒன்று. இரண்டிலும் எடை சமமாக இல்லாவிட்டால் படகு நொண்டும். கூடாரம், தூக்கப்பை, உடை எல்லாம் உள்ளே போனபின்தான் கரடி டப்பாவை எடுத்தேன். அந்த உருண்டை டப்பா ஜிப்பின் வாய்க்குள் நுழையவில்லை. எப்படித் திருப்பினாலும் நுழையாது என்பது பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். ஃபேர்பேங்க்ஸில் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்த நான் எதையும் அளந்து பார்த்திருக்கவில்லை. கடைசியில் உணவை நீர்புகாப் பைகளில் பிரித்துக் குழாய்க்குள் அடக்கி, காலி டப்பாவை முன்பக்கத்தில் முதுகுப்பையோடு கட்டினோம். ஒவ்வொரு மாலையும் உணவை மறுபடி டப்பாவுக்குள் மாற்ற வேண்டியதாயிற்று.

குழாய்க்குள் வைத்த எதையும் காற்றை இறக்காமல் எடுக்க முடியாது என்பதும் மதியம் பசித்தபோது நினைவுக்கு வந்தது. பைலட் பிரெட் முழுவதும் உள்ளே இருந்தது. முதியவர் கொடுத்த இறைச்சி, நல்லவேளையாக, அங்கிப் பையில் இருந்தது. உப்பும் புகையும் கலந்த அந்த இறைச்சியை மெல்ல மெல்லச் சுவை கூடியது.

ஜூலை 10, கவிழ்ந்த நாள்

ஆற்றோட்டத்தின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கும் கணக்கில், இந்த மேற்பகுதி இரண்டு, சில இடங்களில் மூன்று. பாறைகள் நிறைந்த ஒரு வளைவில் அண்ணா முன்னால் போய், பாறைக்குப் பின்னால் தேங்கும் நீரில் படகைத் திருப்பி நிறுத்தி, கையசைத்தார். நான் அதே தேங்கலில் நுழைய முயன்று, ஓட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு வானம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது.

குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு வசப்படாது, பத்து நிமிடம் வரை கைகால் சொன்னபடி கேட்கும், உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் என்று முதல் நாளே அண்ணா மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். முதல் நிமிடத்தில் எனக்கு நினைவு வந்தது அந்த எண்கள் மட்டுமே. மேல்மூடியை இழுத்ததும் விடுபட்டேன். ஆனால் முதுகுப்பையைக் கட்டியிருந்த பட்டையின் மீதி நீளம் ஒன்றரை முழம், நான் அறுத்தெறியாமல் விட்டது, இடது கணுக்காலில் சுற்றிக்கொண்டது. அங்கியின் தோளில் செருகியிருந்த கத்தியை எடுப்பதற்குள் படகு ஒரு பாறையில் முட்டித் திரும்பியதில் அது தானாகவே அவிழ்ந்துபோனது. பல் துலக்கும் பிரஷை அறுத்த கை இதை அறுத்திருக்கலாம்.

அண்ணா வீசிய கயிறு முதல் முறை தவறி, இரண்டாம் முறை தோளில் விழுந்தது. 15 மீட்டர் கயிறு, மிதக்கும் வகை, சிறு பைக்குள் சுருட்டாமல் திணித்து வைத்தது. வீசும்போது சிக்கில்லாமல் பிரிவதற்காகத்தான் அப்படித் திணிக்கிறார்கள். "காலை மேலே வை! எழுந்து நிற்காதே!" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். ஓடும் நீரில் நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் மாட்டி, பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும்.

கரையில் ஏறி எழுந்தபோது என் கால்கள் யானைக்கால்போல் வீங்கியிருந்தன. டிரைசூட்டுக்குள் இடுப்பு வரை தண்ணீர். வாடகை உடையில் ஓட்டை இருக்கிறது என்று நான் பொரிந்து தள்ளிக்கொண்டிருக்க, அண்ணா ஒன்றும் பேசாமல் என் முன்பக்கத்தைச் சுட்டினார். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு மூடிய ஜிப் இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றிருந்தது. நாளுக்கு 30 டாலர் உடையை இரண்டு விரல் அகலத்தில் தோற்கடித்திருந்தேன். அன்று முதல் படகில் ஏறும்முன் ஒருவர் ஜிப்பை இன்னொருவர் சரிபார்ப்பது என்று விதி செய்துகொண்டோம். இரண்டு கண்ணியமான ஆண்கள் தினமும் நான்கைந்து முறை அதைச் செய்வதை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பார்க்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

விறகு மூட்டி, கம்பளி உள்ளாடையைப் பிழிந்து அணிந்து, இரண்டு கோப்பைச் சூப் குடித்தபின்தான் நடுக்கம் நின்றது. தூக்கப்பை இறகு வகை, நனைந்தால் உதவாது. அதை இரட்டை நீர்புகாப் பையில் வைத்திருந்ததால் ஒரு நூல் கூட ஈரமில்லை. முதுகுப்பையோ ஒரு சுனையாகவே மாறியிருந்தது.

அந்தச் சிறிய படகில் வந்திருந்தால் கவிழ்ந்திருக்க மாட்டாய், ஏனென்றால் இவ்வளவு தூரம் துணிந்து வந்திருக்கவே மாட்டாய் என்றார் அண்ணா. அது பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.

ஜூலை 11

நாள் முழுவதும் மழை. ஹன்ட் ஃபோர்க் என்ற கிளையாறு சேர்ந்தபின் ஆறு ஆழமும் சாந்தமும் அடைந்தது. ஸ்ப்ரூஸ் மரங்கள் தோன்றிவிட்டன. கரையரிப்பில் சாய்ந்து ஆற்றின் மேல் படுத்திருக்கும் மரங்கள் தண்ணீரை விட்டு ஆளை நிறுத்திக்கொள்ளும் சல்லடை மாதிரி. அவற்றுக்கு எதிர்க்கரையிலேயே போனோம்.

ஜூலை 12, ஜிப்பும் துடுப்பும்

மதியத்துக்குமேல் என் படகு அரை மணிக்கு ஒருமுறை மெலியத் தொடங்கியது. சோப்பு நீர் தடவிப் பார்த்ததில் குழாயின் ஜிப் ஓரத்தில் குமிழிகள். கூழாங்கல் திட்டுகளில் படகைக் கிடத்தும் ஒவ்வொரு முறையும் மணல் பற்களுக்கிடையே புகுந்திருக்கிறது. கைப்பிடியில்லாத என் பிரஷுக்குக் கடைசியில் ஒரு வேலை வந்தது: ஒரு மணி நேரம் பல் பல்லாகத் தேய்த்துக் கழுவி, மசகுப் பசை தடவியதும் கசிவு நின்றது. இந்த ஜிப் இருப்பதால் எடை கீழே இறங்கி, படகு ஆடாமல் நிற்கிறது, முன்பக்கப் பார்வையும் மறைவதில்லை. ஆனால் படகின் உயிர்க்காற்றும் இதே வாயில் வழியாகத்தான் போகும். மசகுப் பசையை 'தேவையானால்' என்ற வரிசையில் எழுதியிருந்தேன். அண்ணா எழுதியிருந்த இடம் வேறு.

அடித்தளத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறலும் இருந்தது. ஒட்டுநாடா ஈரத்தில் பிடிக்காது. ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, நெருப்பருகே தள்ளி வைத்து உலர்த்தி, ஓரங்களை வட்டமாக வெட்டிய துண்டை உள்ளும் புறமும் ஒட்டினோம். மழை விட்டிருந்ததால்தான் இது நடந்தது. பெய்துகொண்டிருந்தால் கூடாரத்துக்குள் படகோடு குடித்தனம் நடத்தியிருப்போம்.

எங்கள் கூடாரம் அடித்தளமில்லாத கூம்பு வகை. தனிக் கம்பு கிடையாது. துடுப்பின் பாகங்களைச் சேர்த்து நடுவில் நிறுத்த வேண்டும். ஒரு பொருள் இரண்டு வேலை செய்தால் எடை மிச்சம் என்று இத்தகைய பயணக்காரர்கள் எல்லாரும் இதைக் கொண்டாடுகிறார்கள். அன்று மாலை என் துடுப்பின் நான்கு பாகங்களில் இரண்டு மணல் கடித்து இறுகி, எவ்வளவு முறுக்கியும் பிரியவில்லை. பிரிந்தால்தான் கூடாரம் நிற்கும் உயரத்துக்கு மாற்றிச் சேர்க்க முடியும். ஒரு மூட்டு இறுகியதில் படகோட்டியின் துடுப்புக்கும் கூரைக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து. கடைசியில் அண்ணாவின் துடுப்பே கூரையைத் தாங்கியது. மறுநாள் வெந்நீர் ஊற்றி, இருவரும் எதிரெதிராக நின்று திருகியதும் 'டப்' என்று விட்டது. இருவரில் ஒருவராவது தனிக் கம்பு கொண்டுவந்திருக்க வேண்டும், 300 கிராம் கூடினாலும். அண்ணா இதை ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் மூட்டைக் கழுவினால் போதும் என்கிறார்.

ஜூலை 13

வெயில். எதிர்க்காற்று. பன்னிரண்டு மணி நேரத் துடுப்பு. கரையில் ஒரு கரடி எங்களைப் பார்த்துவிட்டு, ஆர்வமில்லாமல் திரும்பிப் போனது. உணவில் மிச்சம் பைலட் பிரெட்டும் நிலக்கடலை வெண்ணெயும்.

ஜூலை 14, பெட்டில்ஸ்

ஜான் ஆறு கோயுகுக் ஆற்றில் சேருமிடம் பெட்டில்ஸுக்குக் கீழே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பழைய பெட்டில்ஸ் ஊர் அங்கேதான் இருந்தது, இப்போது காடு. எனவே மிதந்து வருபவர்கள் கடைசியில் ஓட்டத்துக்கு எதிராகப் போயாக வேண்டும். செயற்கைக்கோள் கருவியில் முந்தைய நாளே செய்தி அனுப்பியிருந்ததால், மோட்டார் படகுக்காரர் ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டார். இருவருக்கும் சேர்த்து 120 டாலர். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாதவர், இறங்கும்போது தம் பிளாஸ்கிலிருந்து எங்கள் இருவருக்கும் காபி ஊற்றிக் கொடுத்து, கோப்பை காலியாகும்வரை காத்திருந்தார்.

கரடி டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விமானத் திடலுக்குப் போனோம். ஐந்தரை கிலோ உணவு தீர்ந்திருந்தது, டப்பா இல்லை, எரிபொருள் இல்லை. இம்முறை கூடுதல் காசு கட்ட வேண்டியிருக்காது என்று நோட்டைப் பிரித்துக் கணக்குப் பார்த்து, 17.8 கிலோ இருக்கும் என்று அண்ணாவிடம் சொல்லிவைத்தேன். அவருடைய சாமான்கள் காலையிலிருந்தே வெயிலில் புதர்மேல் விரிந்து கிடந்தன; நான் குளிக்கப் போயிருந்தேன். தராசில் அவருடைய பை ஓசையின்றி நின்றது. என்னுடையதை வைத்ததும் முள் 47 பவுண்டுக்குப் போனது, 21 கிலோவுக்கு மேல். பையின் அடியிலிருந்து மெல்லிய நீர்க்கோடு ஒன்று தராசுத் தட்டில் இறங்கி, மேசை விளிம்பு வரை ஓடியது.

எடை பார்த்த இளைஞர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆற்றையும் கூட்டிக்கொண்டு போகிறீர்களா?" என்று கேட்டபடியே ரசீது எழுதத் தொடங்கினார்.